எண்ணெய் கசியும் எஞ்சின்: ஊற்றுக்கண் எங்கே?

1948 இல் பிரித்தானியாவில் அறிமுகமான மொறிஸ் மைனர் வண்டிகளை இன்றும் எமது வீதிகளிற் காண்கிறோம். அவற்றைப் பேணுவோர் பலருக்கும் பழகிய குறை ஒன்றுண்டு. இரவு வண்டி நின்ற இடத்திற் காலையில் எண்ணெய்ப் பொட்டுக் கிடக்கும். சில துளிதானே என்று வாளாவிருத்தல் தகாது. எண்ணெய் மிகக் குறைந்தால் அதன் அழுத்தம் வீழும், பெயரிங்குகள் தேய்ந்தழியும்.

துளி விழும் இடம் வேறு. கசிவு பிறக்கும் இடம் வேறு. எண்ணெய் கீழ்நோக்கி வடியும். ஓட்டத்தில் எழும் காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலின், ஆறிய எஞ்சினை முதலில் நன்கு கழுவித் துடைத்து உலர விடவேண்டும். பின்னர் சிறிது தூரம் ஓட்டிவந்து பார்த்தால், ஈரம் தோன்றும் இடங்களுள் மிக உயர்ந்ததே பெரும்பாலும் ஊற்றுக்கண்ணாகும்.

ஆயினும், புதுக் காஸ்கெற் வாங்குமுன் எஞ்சினின் சுவாசக் குழாயைச் சோதித்தல் வேண்டும். பிஸ்டன்களைக் கடந்து கீழிறங்கும் வாயு அதன் வழியே வெளியேறுகிறது. அது கசடால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, பொருத்துகள்தோறும் எண்ணெயைப் பிதுக்கும். அந்நிலையிற் புதுக் காஸ்கெற்றும் பயன்தராது. குழாயைத் துப்புரவாக்கச் செலவோ சொற்பம்.

குழாய் சரியாயிருந்தும் மேல்மூடியிலோ பக்கத்துத் தகட்டு மூடிகளிலோ கசிந்தால், பழைய தக்கைக் காஸ்கெற்றைச் சுரண்டி நீக்கிப் புதியது இடலாம். அளவுக்கு மீறி முறுக்கினால் தக்கை நசியும், தகடு வளையும், கசிவு பெருகும்.

1952 முதல் இவ்வண்டிகளிற் பொருத்தப்பட்ட ஏ-சீரிஸ் எஞ்சினில், சுழல்தண்டின் பின்முனைக்கு இறப்பர் அடைப்பு இல்லை. தண்டிலுள்ள திருகுபள்ளமே எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. எனவே கிளச்சுக் கூட்டின் அடித்துளையிற் சில துளி சொட்டுதல் அதன் இயல்பு. அத்துளையில் தொங்கும் ஊசி துளை தூராதிருக்கவே உள்ளது. துளையை அடைத்தால் எண்ணெய் தேங்கிக் கிளச்சு வழுக்கும். சொட்டு ஒழுக்கானால் மட்டும், தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டி எஞ்சினை இறக்க வேண்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்: ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் நுழையாதீர்கள். கழிவெண்ணெயைக் கிணற்றருகே ஊற்றாதீர்கள். நிலத்தடியில் இறங்கி எமது குடிநீரையே கெடுக்கும்.