பயணத்தில் படிக்கும் கவிதை

தமிழ்நாட்டில் கவிதைப் புத்தகம் வாங்காதவர்கள் ஏராளம். குறள் படிக்காதவர்கள் குறைவு. அதற்குப் பள்ளிப் பாடம் ஒரு காரணம் என்றால் அரசுப் பேருந்து இன்னொரு காரணம். 1967-இல் அமைந்த அண்ணாதுரை அமைச்சரவையில் போக்குவரத்துப் பொறுப்பையும் வகித்த மு. கருணாநிதி, பேருந்துகளில் திருவள்ளுவர் படமும் குறளும் இடம்பெறச் செய்தார். உட்கார இடம் கிடைக்காதவரும் கம்பியைப் பிடித்து நின்றபடியே படித்துவிடலாம்.

குறளின் வடிவம் இதற்குத் தோதானது. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, மொத்தம் ஏழே சீர்கள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் படித்து முடிக்கலாம். எதுகையும் மோனையும் அதை நினைவில் நிறுத்திவிடும். பொருள் உடனே பிடிபடாமல் போனாலும் நஷ்டமில்லை. பத்து வயதில் மனப்பாடம் செய்த வரி, நாற்பது வயதில் கடன் கேட்டுப் போன இடத்திலோ நண்பனிடம் மனம் கசந்த நாளிலோ தானாக வந்து நிற்கும். பேச்சுக்கு நடுவே குறளை எடுத்துச் சொல்பவர் இலக்கியம் பேசுவதாக நினைப்பதுகூட இல்லை.

லண்டனில் இதே வேலை 1986 ஜனவரியில் சுரங்க ரயிலில் தொடங்கியது. அமெரிக்காவில் பிறந்து லண்டனில் குடியேறிய எழுத்தாளர் ஜூடித் செர்னாய்க், கவிஞர்கள் ஜெரார்டு பென்சன், சிசிலி ஹெர்பர்ட் ஆகியோருடன் சேர்ந்து, பெட்டிகளில் விளம்பரம் ஒட்டும் இடங்களில் கவிதைகளை ஒட்டச் செய்தார். நியூயார்க் 1992-இல் இதைப் பின்பற்றியது. லண்டனின் முதல் தொகுதியில் ஷெல்லி, ராபர்ட் பர்ன்ஸ் போன்ற பழைய பெரியவர்களோடு வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸும் இருந்தார். இவர் அமெரிக்காவில் மருத்துவத் தொழில் செய்துகொண்டே எழுதியவர். குளிர்பெட்டியில் காலை உணவுக்கென்று வைத்திருந்த பிளம் பழங்களைத் தின்றுவிட்ட ஒருவர், வீட்டிலுள்ளவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவைக்கும் சீட்டுதான் அவருடைய கவிதை. அவ்வளவே. இதெல்லாம் கவிதையா என்று முகம் சுளிப்பவரும், வீட்டுக்குப் போனதும் தம் வீட்டுச் சின்னச் சண்டைகளையும் சமாதானங்களையும் சற்று நின்று கவனிக்கக்கூடும். தினமும் கண்ணில் பட்டும் கருத்தில் படாததை இப்படி நிறுத்திக் காட்டுவதுதான் கவிதையின் முதல் உபகாரம்.

அந்த லண்டன் ரயில்களில் குறுந்தொகையின் 40-ஆம் பாடலும் ஏ.கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பில் இடம்பெற்றது. முன்பின் உறவில்லாத இருவரின் நெஞ்சங்கள் ஒன்றானதற்கு, செம்மண்ணில் விழுந்து அதன் நிறமாகவே மாறிவிட்ட மழைநீரை உவமையாக்கும் பாடல் அது. பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. உவமையே பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆனார். பாட்டில் வரும் காதலர்களுக்கும் பெயர் இல்லை. அகப்பாடலில் ஒருவரையும் பெயர் சொல்லிச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பேசுவோர் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே நிற்கிறார்கள். கூச்சத்தாலோ கௌரவத்தாலோ சொல்ல முடியாமல் விழுங்கிய பேச்சைத் தலைவி பேசுவதைப் படிக்கிறவருக்கு, அந்தப் பேச்சைத் தமதாக்கிக்கொள்ளப் பெயர் ஒரு தடையாக இருப்பதில்லை. பிரிவு, காத்திருப்பு, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுவது என்று அந்தப் பாடல்கள் பேசாத மனநிலை குறைவு. ஒருவேளை இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அவை பழசாகாததற்கு இந்தப் பெயரின்மையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளுக்குள் அடங்கும். நாளுக்கு ஒன்று படிக்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. சொற்கள் பழையவை என்பதால் உரை வேண்டும், உ.வே. சாமிநாதையர் 1937-இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு இருக்கிறது, எளிய உரைகளும் பல உண்டு. ஆனால் உரையிலிருந்து தொடங்குவது அவ்வளவு நல்லதல்ல. பாட்டை முதலில் வாய்விட்டு ஒருமுறை படித்து, பிறகு உரையைப் பார்த்து, மறுபடியும் பாட்டுக்கே திரும்பினால், முதல் வாசிப்பில் வெறும் ஓசையாக இருந்த சொற்கள் இரண்டாவதில் ஆள்களாகப் பேசத் தொடங்கும்.