பழந்தலங்களுக்குப் பயணம்: பஞ்சாயத்தார் அறிய வேண்டுவன

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

யாத்திரை என்பது நமது கிராம மக்களுக்குப் புதியதன்று. அறுவடை முடிந்து களம் ஓய்ந்ததும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, வண்டி பூட்டி, திருவிழாவுக்குச் சென்று வருவது நம் முன்னோர் வழக்கம். இன்று மாட்டு வண்டியின் இடத்தில் பஸ் வந்திருக்கிறது. ஊரார் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தி, இரண்டே நாட்களில் ஐந்தாறு ஊர்களைச் சுற்றி வந்துவிடுகின்றனர். விவசாயிகளை வெளியூர்ப் பண்ணைகளுக்கு அழைத்துச் செல்லும் கண்டுணர்வுச் சுற்றுலாக்களும் நடைபெறுகின்றன.

இவ்வாறு சென்று திரும்பியவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று வினவினால், கூட்டம் அதிகம், வெயில் கடுமை, சாப்பாடு பரவாயில்லை என்பனவே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றன. கோயிலின் சுவரில் வரிவரியாக வெட்டப்பட்டிருந்த எழுத்துக்கள் எதைக் கூறின என்று சொல்வோர் மிகச் சிலரே. அவ்வெழுத்துக்களோ நிலம், நீர், வரி, வட்டி, ஆடு மாடு, ஊர்ச் சபை ஆகியவற்றைப் பற்றியவை. அதாவது, நம் தொழிலையும் நம் பஞ்சாயத்தையும் பற்றியவை. அவற்றை அறிந்து வருவது எப்படி, அறிந்து வந்த பின் நம் ஊரில் செய்ய வேண்டுவது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஸ் ஏறுமுன்

முதலில் வாகனத்தைக் கவனிக்க வேண்டும். சுற்றுலாவுக்கு அமர்த்தும் பஸ்ஸுக்கு உரிய பெர்மிட், தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் ஆகிய மூன்றும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். செலவு குறையும் என்று சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்ட விரோதம். விபத்து நேரின் நஷ்டஈடு பெறுவதும் கடினம். இரவு முழுவதும் ஓட்டிய டிரைவரைப் பகலிலும் ஓட்டச் சொல்லலாகாது. அவருக்கும் உறக்கம் வேண்டும் என்பதைக் கணக்கிற் கொண்டே பயணத் திட்டம் வகுக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணி அளவில் திறக்கப்படும். வெயிலில் கருங்கல் தளம் கால் வைக்க இயலாதபடி கொதிக்கும். ஆகையால் கோயில்களைக் காலையிலும் மாலையிலும், அணைகளையும் ஏரிகளையும் இடைப்பட்ட நேரத்திலும் பார்க்குமாறு அமைத்துக்கொள்வது நலம். ஒரு நாளில் மூன்று இடங்களுக்கு மேல் வைத்தால் பார்ப்பது குறைந்து ஓடுவதே மிஞ்சும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கழிப்பிட வசதியுள்ள இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்வது ஏற்பாட்டாளரின் பொறுப்பு.

மூன்றாவது, வழிகாட்டி. சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை பெற்ற வழிகாட்டிகள் முக்கியமான தலங்களில் உள்ளனர். கூலியை முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். அவர் கூறும் ஒவ்வொரு செய்திக்கும், "இதை எந்தக் கல் சொல்கிறது? காட்டுங்கள்" என்று பணிவாகக் கேட்டல் வேண்டும். நல்ல வழிகாட்டி மகிழ்ச்சியுடன் காட்டுவார். காட்ட இயலாததைக் கதையாகக் கேட்டு மகிழலாம். சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை.

காவிரிக் கரையில் இரண்டு நாட்கள்

உதாரணமாக, திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டுக் காவிரியையும் கொள்ளிடத்தையும் ஒட்டிச் செல்லும் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் முக்கொம்பு. இங்கேதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே தண்ணீர் அதன்வழியே ஓடி, காவிரி மணல் மேடிட்டு வந்தது. இதைத் தடுக்க 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் இங்கே மேலணையைக் கட்டினார். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் அதன் மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது. எத்துணை உறுதியான வேலைக்கும் பராமரிப்பு வேண்டும் என்பதை இவ்விடம் கண்கூடாகக் காட்டுகிறது.

அடுத்தது கல்லணை. ஸ்ரீரங்கம் தீவின் கீழ்க்கோடியில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கி வருகின்றன. அவ்விடத்தில் காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்து வீணாகாதபடி, மணற்படுகையின்மீது பெருங்கற்களை அடுக்கி எழுப்பியதே கல்லணை. கரிகாற் சோழன் கட்டியது என்பது மரபு. மணலில் அஸ்திவாரமிடும் முறையை இப்பழைய அணையைக் கண்டே தாம் அறிந்ததாகக் காட்டன் எழுதியுள்ளார். நாட்டுக் கொத்தர்களின் அறிவு மேனாட்டுப் பொறியாளருக்குப் பாடமாயிற்று என்பதை நம் இளைஞர்கள் இங்கே நின்று கேட்க வேண்டும்.

மாலையில் தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் இராசராசன் எடுப்பித்த இக்கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. இதன் நிழல் தரையில் விழாது என்று சொல்வதுண்டு. மாலை வெயிலில் சென்றால் நிழல் நீண்டு விழுவதை எவரும் காணலாம். அக்கதையை விட வியப்பானவை அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கணக்குகள். தான் கொடுத்தவை, தன் தமக்கை குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டுமாறு அரசன் ஆணையிட்டான்.

ஒரு விளக்கு எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நெய் அளக்கக் கடமைப்பட்டனர். கோயிலின் காசு ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. இவற்றைப் படித்துக் காட்டும்போது கறவை மாடு வைத்திருப்பவரும் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியவரும் தம்மை மறந்து நின்று கேட்பர் என்பது உறுதி.

மறுநாள் காலை கும்பகோணத்தை அடுத்த தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்து இக்கோயிலில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் வாழ்க்கை சிறு சிறு சிற்பங்களாக வடிக்கப்பட்டுள்ளது. தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்று கோயில்களும் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தால் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டவை. தஞ்சை 1987-ஆம் ஆண்டிலும், மற்றவை 2004-ஆம் ஆண்டிலும் அப்பெருமை பெற்றன.

அணை விழுங்கிய மதில்

தாராசுரத்திலிருந்து வடக்கே சென்றால் கொள்ளிடத்தின்மீது அணைக்கரை. 1836-இல் கட்டப்பட்ட கீழணை இதுவே. இதைக் கடந்து சிறிது தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் கங்கை வரை படை செலுத்தி வென்றதன் நினைவாக நிறுவிய தலைநகர் அது. வெற்றிக்குக் கல் தூண் நாட்டுவது அரசர் வழக்கம். இராசேந்திரனோ சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீர்மயமான ஜயஸ்தம்பம் என்று போற்றுகிறது. இன்று பொன்னேரி என வழங்கும் அந்த ஏரி பெரிதும் தூர்ந்து கிடக்கிறது. நமது ஏரிகளின் நிலையை எண்ணிக்கொண்டே அதன் கரையில் நிற்க வேண்டும்.

அக்கோயிலின் வெளிமதிலைச் சுற்றிப் பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும். மதிலின் பெரும்பகுதியைக் காணோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழணையைக் கட்டியபோது, அருகே ஆயத்தமாகக் கிடைத்த கல் என்று கருதி மதிலைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். அணையால் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் பயனடைந்தது. அதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் பெயர்த்த கற்களில் என்ன எழுதியிருந்ததோ, அதைத் திரும்பப் பெற வழியில்லை.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். எங்கள் வட்டாரத்திலேயே ஓர் ஏரியின் மதகைப் புதுப்பித்தபோது, பழைய தூம்புக் கல் உடைக்கப்பட்டு அஸ்திவாரத்தில் போடப்பட்டது. அதில் எழுத்து இருந்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் பின்னர் கூறினார். ஏரியை வெட்டியவர் பெயரா, ஆண்டா, நீர் பாயும் உரிமையா, இனி எவராலும் சொல்ல முடியாது. அக்கல்லை அகற்றிக் கரையோரம் நட்டிருந்தால் வேலையும் நடந்திருக்கும், கல்லும் தப்பியிருக்கும்.

உத்திரமேரூர்ச் சாசனம்

வட மாவட்டத்துப் பஞ்சாயத்தார் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்கு ஒரே நாளில் சென்று வரலாம். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட சாசனங்கள் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியத்துக்கு அறுவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். பதவிக் காலம் 360 நாட்கள். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கலாகாது.

இவ்விதி இன்றைக்கும் எத்துணை பொருத்தமானது என்பதைப் பஞ்சாயத்தார் அறிவர். அதே சமயம், அது அந்தணர்க்கு உரிய ஊரின் சபை என்பதையும், நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டமையால் உழைக்கும் மக்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். இன்று ஒவ்வொருவருக்கும் வாக்குண்டு. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு உரியது. பழமையில் கணக்கு ஒழுங்கைக் கற்போம். சமத்துவத்தில் நாம் அதைக் கடந்து வந்தோம் என்பதில் பெருமை கொள்வோம்.

திரும்பிய பின் செய்ய வேண்டுவன

பயணத்தின் பலன் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகே தொடங்குகிறது. சென்று வந்தவர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தாம் கண்டதை எடுத்துரைக்க வேண்டும். பின்னர்க் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு பஞ்சாயத்தும் செய்யலாம்.

1. ஊரைச் சுற்றி வந்து, கோயில் சுவர், ஏரித் தூம்பு, கிணற்றுப் படி, எல்லைக் கல், நடுகல் எங்கெங்கே எழுத்தோ உருவமோ உள்ளது என்று பட்டியலிட்டுப் புகைப்படம் எடுத்து வைத்தல்.

2. அவற்றின்மீது சுண்ணாம்பு, பெயிண்டு, சிமெண்டு பூசாதிருத்தல். திருப்பணியின்போது மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தல் எழுத்தையே அரித்துவிடும். அதை அறவே தவிர்த்தல்.

3. புதிய கல்வெட்டு தென்பட்டால், தாசில்தார் மூலம் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல். அவர்கள் கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷினால் தட்டி, மை ஒற்றிப் படி எடுப்பர். கல்லுக்குச் சேதமின்றி எழுத்து முழுவதும் தாளில் வந்துவிடும்.

4. ஏரி தூர் வாரும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ சிலை, காசு முதலியன கிடைத்தால் உடனே அரசு அதிகாரிகளுக்கு அறிவித்தல். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி இது கட்டாயம்.

5. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் ஊரில் இருந்தால், அதிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்குமுன் இதைச் சரிபார்த்தல்.

6. ஏரி, மதகு வேலைகளின் மதிப்பீடு தயாராகும்போதே பழைய கற்களை எங்கே பாதுகாப்பது என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடுதல்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. கண்ணும் கவனமும் போதும். தஞ்சையிலும் உத்திரமேரூரிலும் இருக்கும் கற்களைக் காக்கச் சட்டமும் காவலாளும் உண்டு. ஏரிக்கரையில் புதர் மண்டிக் கிடக்கும் நம் ஊர்க் கல்லுக்கு நாமே காவல். வருகிற கோடையில் பஸ் ஏறும் பஞ்சாயத்தார் இதை மனத்திற் கொண்டு சென்று வருவார்களாயின், அவர்கள் செலவிட்ட ஒவ்வொரு காசும் ஊருக்கு நற்செலவாகவே அமையும்.