பிள்ளையின் பெயரை மாற்ற வேண்டுமா? காகிதங்களை முதலில் சேர்ப்போம்



கொண்டப்பநாயக்கன்பட்டியில் குழுக் கூட்டம் முடிந்து நோட்டுகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: "மேடம், என் சின்னப் பொண்ணு பேரு வேண்டாம். மூணாவதும் பொண்ணாப் பொறந்துச்சுன்னு மாமியார் வெச்ச பேருங்க. இப்ப எட்டாவது படிக்குது. பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்டா புள்ள தலைய நிமித்த மாட்டேங்குது. மாத்த முடியுங்களா?"

முடியும். ஆனால் அந்தப் பிள்ளையின் காகிதங்களைப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர்! அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம்.

முதல் வேலை: ஒரு தாள், ஒரு பேனா

பிறப்புச் சான்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எப்படி இருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குழுவின் ஊக்குநரிடம் கேளுங்கள். எது எங்கே மாறியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

உங்களுக்குத் தேவை எது?

1. பிறப்புச் சான்றில் பெயரே இல்லையா? அப்படியானால் இது பெயர் மாற்றம் அல்ல, பெயர் சேர்ப்பது. பிறப்பு பதிவான 12 மாதத்துக்குள் கட்டணம் கிடையாது. அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பிள்ளை எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். சேலம் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு நம் ஊரில் தேடினால் கிடைக்காது.

2. எழுத்துப் பிழை மட்டும்தானா? 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் 15ஆவது பிரிவின்படி, உரிய ஆதாரம் காட்டினால் பதிவாளர் திருத்தித் தருவார்.

3. பதிவான பெயரையே விட்டு வேறு பெயர் வேண்டுமா? அதற்குத்தான் அரசிதழ், அதாவது கெஜட்.

கெஜட்டுக்கு என்னென்ன வேண்டும்?

சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைதான் தமிழ்நாடு அரசிதழை வெளியிடுகிறது. அதன் பெயர் மாற்றப் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 18 வயது ஆகாத பிள்ளைக்கு அப்பா, அம்மா அல்லது பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும்.

- பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், முகவரி, மாற்றும் காரணம்
- பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று நகல்
- முகவரிக்கான ஆதாரம்
- பிள்ளையின் போட்டோ, சான்றொப்பத்துடன்
- அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று, விவாகரத்து என்றால் கோர்ட்டு தீர்ப்பு நகல், தத்துப் பிள்ளை என்றால் தத்துப் பத்திரம்

அசல்களை அனுப்பாதீர்கள், நகல் போதும். கட்டணத்தைப் படிவத்தோடு உள்ள அறிவுரையில் பார்த்துக் கட்டுங்கள். "நான் முடிச்சுத் தாரேன்" என்று வரும் புரோக்கரிடம் காசு கொடுக்க வேண்டாம். புதிய பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று பேர் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கெஜட்டில் பிழையாக அச்சானால் மறுபடியும் அலைச்சல்தான்.

"வீட்டுக்காரர் இல்லை, நான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?" என்று பலர் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கு ஒன்றில், தந்தை இறந்த பிறகு தாயே இயற்கைப் பாதுகாவலர், பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தைரியமாகப் போடுங்கள்.

கெஜட் வந்த பிறகு

வேலை முடிந்துவிடவில்லை. பல நகல்கள் எடுத்து, முதலில் பள்ளியில் கொடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் பள்ளிப் பதிவில் உள்ள பெயர்தான் அச்சாகும். அதனால் அந்தப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. பிறகு ஆதார், குடும்ப அட்டை, வங்கி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். பழைய சான்றுகளைக் கிழித்துப் போடாமல், கெஜட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

பெயர் வெறும் எழுத்து அல்ல

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். ஏன் தொடங்க வேண்டி வந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். மகாராஷ்டிராவில் சதாரா மாவட்டத்தில் "வேண்டாதவள்" என்று பொருள்படும் பெயரோடு இருந்த 285 சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். அங்கே விழா நடந்தது. இங்கே நம் குழுவே அதைச் செய்யலாமே!

அந்த உறுப்பினரிடம் நாங்கள் ஒன்றே ஒன்று சொன்னோம்: புதுப் பெயரை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், பிள்ளையிடம் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோடு பிள்ளையும் வந்தது. கையில் ஒரு தாளில் மூன்று பெயர்கள். மூன்றாவதின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

உங்கள் குழுவில் இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? அடுத்த கூட்டத்தில் கேட்டு எழுதி, தீர்மான நோட்டில் பதிவு செய்து கொண்டு வாருங்கள். படிவம் நிரப்ப நாங்கள் உடன் உட்காருகிறோம்.