கடைச் சீட்டும் காட்டு ஓடையும்

கையில் ரொக்கம் இருந்தால் செலவழிக்க ஆயிரம் தரம் யோசிக்கிறோம். அதே தொகைக்குக் கடைக்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் யோசிப்பதே இல்லை. ‘எப்படியும் அந்தக் கடையில்தானே தொலைக்க வேண்டும்’ என்று எதையாவது வாங்கி வந்துவிடுகிறோம். இப்படி ஒரு சீட்டு உங்கள் பீரோவிலும் புடவை மடிப்புக்குள் கிடக்கலாம். அதனால்தான் என் அக்கா வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்ல வந்தேன்.

அக்கா இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மிக்ஸி வாங்கினாள். விலை 3,200 ரூபாய். மூன்றாம் நாள் சட்னி அரைக்கும்போதே கருகல் நாற்றம் அடித்தது. தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், “ரொக்கம் கொடுக்கிற வழக்கம் இல்லை அம்மா, இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். அக்காவும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். பழைய மிக்ஸியையே பழுது பார்த்து ஓட்டலானாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழுதான சாமானைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வியாபார முறை என்று அந்தச் சட்டம் கூறுகிறது. பில்லில் குறிப்பிட்டுள்ள கெடுவுக்குள் கேட்க வேண்டும். கெடு எதுவும் குறிப்பிடவில்லையென்றால் 30 நாட்களுக்குள். கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே முறையிடலாம். ‘நிறம் பிடிக்கவில்லை, அத்தை வேண்டாம் என்கிறார்’ என்று திருப்பிக் கொடுக்கும் சாமானுக்கு இது பொருந்தாது. அது கடையின் நிபந்தனையைப் பொறுத்தது. அக்காவுக்கு இது தெரிந்திருந்தால் ரொக்கத்தோடு வந்திருப்பாள். நான் சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

சீட்டு வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. கல்லூரியில் படிக்கும் மருமகன், “புளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாம் மாமா. தண்ணீரில் போட்டாலும் பாடும்!” என்றான். பிளஸ் டூ படிக்கும் மருமகள் கையில் கட்டிக்கொள்ளும் ஸ்மார்ட் வாட்ச் வேண்டும் என்றாள். அத்தான், “எதற்கு அவசரம்? இருக்கட்டுமே” என்றார். கெடு முடியப் பத்து நாள்தான் பாக்கி என்பது அவருக்கு ஞாபகமில்லை.

அக்காவின் மாமியார் மட்டும், “ஒரு ரேடியோ வாங்குங்கடா” என்றார். அவருடைய சின்ன வயதில் டிரான்ஸிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பது பெரிய அந்தஸ்து. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டர், 1954-ல் சட்டைப் பைக்குள் அடங்கும் ரேடியோவாக அங்கே விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் அதை வாங்கினாலும் போதாது. தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1980-களில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

“இந்தக் காலத்தில் யார் பாட்டி ரேடியோ கேட்கிறார்கள்?” என்று பேரப் பிள்ளைகள் சிரித்தார்கள். ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று அக்காவை யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரம் புரட்டாசிச் சனிக்கிழமை. செண்பகத்தோப்பில் காட்டழகரைத் தரிசிக்கக் கிளம்பினோம். ஊருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. நரை படர்ந்தாற்போன்ற சாம்பல் நிறப் பெரிய அணில்கள் மரத்துக்கு மரம் தாவும் காடு அது. அவற்றுக்காக 1988-ல் இந்தப் பகுதியைச் சரணாலயமாக்கினார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவித்தார்கள்.

மருமகன் சிநேகிதனிடம் ஒரு ஸ்பீக்கரை இரவல் வாங்கி வந்திருந்தான். சோதனைச் சாவடியில் வனக் காவலர் அதைப் பார்த்தார். “தம்பி, இது அணில் வீடு, கல்யாண வீடு இல்லை. பைக்குள்ளேயே இருக்கட்டும்” என்றார். மருமகன் முகம் சுண்டிவிட்டது.

தரிசனம் முடிந்து இறங்கும்போது மணி மூன்று. எங்கள் தலைக்கு மேல் ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் மலையின் மேலே மழை பிடித்துக்கொண்டது போலும். காலையில் கணுக்காலளவு ஓடிய ஓடை, செந்நிறமாகப் புரண்டு வந்தது. மலை ஓடைகளின் குணமே அதுதான். உச்சியில் பெய்கிற மழையைச் சரிவு முழுவதும் திரட்டிக் கொஞ்ச நேரத்தில் கீழே கொட்டிவிடும். காவலர்கள் யாரையும் இறங்க விடவில்லை. இந்தக் கரையில் நின்றுவிட்டோம்.

ஐந்து மணிக்கே காடு மங்கத் தொடங்கியது. மருமகனின் போன் படம் எடுத்தே உயிரை விட்டிருந்தது. மருமகளின் போனில் சிக்னல் இல்லை. சிக்னலைத் தேடித் தேடியே அதன் பாட்டரியும் கரைந்துகொண்டிருந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். “அத்தை வீட்டில் தனியாக இருக்கிறார்கள்டா. ஆறு மணிக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். நாம் எங்கே இருக்கிறோம் என்றுகூடத் தெரியாதே!” என்றாள். குரல் நடுங்கிற்று.

எங்களோடு நின்றிருந்த ஓர் அம்மாள் இடுப்பு மடியிலிருந்து டார்ச் விளக்கை எடுத்தாள். அந்த ஒரு வெளிச்சத்தில்தான் இருபது பேரும் குழந்தைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்கு மேல் தண்ணீர் வடிந்தது. காவலர்கள் கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாசல் படியில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார், மாத்திரை போடாமல்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான் அக்காவைக் கேட்டேன்: “சீட்டு உன்னுடையது. உனக்கு என்ன வேண்டும்?”

அவள் உடனே பதில் சொன்னாள். எத்தனை நாளாக நினைத்து வைத்திருந்தாளோ! “டார்ச்சும் ரேடியோவும் சேர்ந்தாற்போல் ஒன்று. நான் தைக்கும்போது பாட்டுக் கேட்பேன். கரண்ட் போனால் விளக்காகும். பாக்கிக்குப் போனுக்கு உயிர் கொடுக்கும் அந்தப் பெட்டி. வெளியே போகும்போது என் பையில் இருக்கும்.”

மறுநாள் கடைக்குப் போனோம். நாங்கள் பார்த்து வாங்கியவற்றை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

பவர் பாங்கின் அட்டையில் 10,000 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அத்தனையும் போனுக்குப் போய்ச் சேராது. உள்ளே இருக்கும் பாட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், வெளியே கொடுப்பது 5 வோல்ட். இந்த மாற்றத்தில் கணக்குச் சுருங்கி, கொஞ்சம் வெப்பமாகவும் வீணாகி, கிட்டத்தட்ட 6,000-தான் மிஞ்சும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அந்த உண்மைக் கணக்கு இருக்கும், அதைப் படியுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

ரேடியோவில் எஃப்.எம்.மோடு மீடியம் வேவும் இருக்கட்டும். எஃப்.எம். அலைக்கு மலை ஒரு சுவர். மீடியம் வேவ் அதைவிட நன்றாக வளைந்து, வெகுதூரம் வரும். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் அந்த அலைவரிசைக்காரர்தான். ‘போனிலேயே ரேடியோ இருக்கிறதே’ என்று நினைக்க வேண்டாம். பல புதுப் போன்களில் அது இல்லை. இருந்தாலும் காதில் மாட்டும் ஒயர்தான் அதற்கு ஏரியல், ஒயர் செருகும் துளையையே பலர் எடுத்துவிட்டார்கள். ஆபத்துக் காலத்தில் உதவும் என்று போன்களில் எஃப்.எம். இருக்கும்படி பார்த்துக்கொள்ளுமாறு 2023-ல் மத்திய அரசே தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது.

‘தண்ணீர் புகாது’ என்று வாயால் சொன்னால் போதாது. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாரலுக்கும் ஓடைக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியாக, சீட்டு விஷயம். கெடுத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதே சாமான் பக்கத்துக் கடையில் என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போங்கள். சீட்டுக்காரர்தானே என்று தள்ளுபடியை மறைத்தால் கேட்டு வாங்குங்கள். மீதித் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது பில், புது வாரண்டி இரண்டும் அன்றைய தேதியில் இருக்க வேண்டும்.

கடைக்காரர், “பில் யார் பெயரில் போடட்டும்? சார் பெயரிலேயா?” என்று அத்தானைப் பார்த்தார். அத்தான் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு, “அவள் பெயரில் போடுங்கள்” என்றார்.

அக்காவின் தையல் மெஷின் பக்கத்தில்தான் ரேடியோவுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. சென்ற வாரம் போனபோது அதைக் காணோம். “எங்கே அக்கா?” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளறையைக் காட்டினாள். பாட்டி தலையணைக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காலடியில் உட்கார்ந்து மருமகனும் கேட்டுக்கொண்டிருந்தான்!