மீண்டும் வயிறாரச் சாப்பிட: பதின்ம வயதில் கடுமையாக டயட் இருந்தவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும்

உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவி. காலையில் குடித்துவந்த மைலோவை முதலில் நிறுத்தினாள். பிறகு பள்ளி உணவகத்தில் ஓர் ஆப்பிளோடு முடித்துக்கொண்டாள். வீட்டில் கேட்டால், “ட்யூஷனுக்குப் போறப்பவே சாப்பிட்டேன்மா” என்பாள். சில மாதங்களில் உடல் மெலிந்தது. தீபாவளிக்கு வந்த உறவினர்கள், “அழகா இருக்கியே!” என்று பாராட்டினார்கள்.

இப்போது அவளுக்கு வயது 19. பகலெல்லாம் பசியை அடக்குகிறாள். வீட்டில் அனைவரும் உறங்கிய பிறகு, குளிர்பதனப் பெட்டிக்கு முன் நின்று வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறாள். மறுநாள் காலையில், “எனக்கு மன உறுதியே இல்லை” என்று தன்னையே நொந்துகொண்டு, மீண்டும் பட்டினி கிடக்கிறாள்.

இந்தக் கதை உங்களுக்குப் பழக்கப்பட்டதாகத் தோன்றலாம். ஆண்களுக்கும் இது நேர்கிறது. தசை தெரிய வேண்டும் என்பதற்காகச் சோற்றை அறவே விட்டுவிடும் இளைஞர்கள் உண்டு. இதற்குக் காரணம் மன உறுதிக் குறைவு அன்று. பட்டினியிலிருந்து மீள உங்கள் உடல் முயல்கிறது. அந்த முயற்சிக்கு எப்படித் துணை நிற்பது என்பதை இக்கையேடு விளக்குகிறது.

உடலில் என்ன நடக்கிறது?

போதிய உணவு கிடைக்காதபோது உடல் சிக்கனமாகச் செயல்படத் தொடங்குகிறது.

• இதயத் துடிப்பு மெதுவாகிறது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது.
• மற்றவர்களுக்குக் குளிராதபோதும் உங்களுக்குக் குளிர்கிறது. கைகால்கள் சில்லிட்டுப் போகின்றன.
• முடி உதிர்கிறது. பாடத்தில் கவனம் நிலைப்பதில்லை. எரிச்சல் வருகிறது.
• பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம் அல்லது நின்றுபோகலாம்.
• எலும்புகள் பலவீனமாகலாம். வாழ்நாள் முழுவதற்கும் தேவையான எலும்பு வலிமையில் பெரும்பகுதி பதின்ம வயதில்தான் சேர்கிறது. எனவே இந்த இழப்பைச் சாதாரணமாக எண்ணக்கூடாது.

உடல் எடை ‘சரியாக’ இருப்பவருக்கும், பருமனாக இருப்பவருக்கும்கூட இந்தப் பாதிப்புகள் வரலாம். குறுகிய காலத்தில் எடை வேகமாகக் குறைவது எவருக்கும் ஆபத்தானது. ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவர் நலமாக இருக்கிறாரா என்று சொல்லிவிட முடியாது.

இரவில் ஏன் அடக்க முடியவில்லை?

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. நல்ல உடல்நலமும் மனநலமும் கொண்ட 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். அவர்கள் வழக்கமாக உண்டதில் ஏறத்தாழ பாதி அளவு உணவே சுமார் ஆறு மாதங்களுக்குக் கொடுக்கப்பட்டது. நாள் முழுவதும் அவர்களுக்கு உணவைப் பற்றிய நினைப்பே இருந்தது. அதற்குமுன் சமையலில் ஆர்வம் காட்டாத சிலர், சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தனர். மனச்சோர்வும் எரிச்சலும் அதிகரித்தன. மீண்டும் நிறைய உணவு கிடைத்தபோது, பலர் வயிறு நிறைந்த பிறகும் பசி தீராமல் சாப்பிட்டனர். சிலருக்கு அந்தப் பசி மாதக்கணக்கில் நீடித்தது.

அவர்களில் எவரும் மன உறுதி குறைந்தவர்கள் அல்லர். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு யாராக இருந்தாலும் உடல் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

சிக்கல் அடுத்த நாள்தான் தொடங்குகிறது. இரவில் அதிகமாகச் சாப்பிட்டதை ஈடுகட்ட, காலை உணவையும் மதிய உணவையும் தவிர்க்கிறோம். அதனால் அன்று இரவு பசி இன்னும் பலமாக வருகிறது. இந்தச் சுழல் இரவில் தொடங்குவதாகத் தோன்றும். உண்மையில் அது காலையில் சாப்பிடாமல் விட்டதில் தொடங்குகிறது. எனவே அதை நிறுத்த வேண்டிய இடமும் காலைதான்.

நேரத்திற்குச் சாப்பிடுவதே முதல் மருந்து

மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று முறை சிற்றுண்டி. இவற்றுக்கிடையே நான்கு மணி நேரத்திற்கு மேல் இடைவெளி விடாதீர்கள். ஒரு நாள் இப்படி அமையலாம்:

• காலை 7 மணி: இட்லி, சாம்பார், முட்டை. அல்லது முழுதானிய ரொட்டியும் பாலும்
• காலை 10 மணி: வாழைப்பழம், ஒரு கைப்பிடி கச்சான்
• பிற்பகல் 1 மணி: சோறு, மீன் குழம்பு, கீரை. அல்லது உணவங்காடி நிலையத்தில் கோழிச் சோறு
• மாலை 4 மணி: தயிர், அல்லது சுண்டலும் தேநீரும்
• இரவு 7 மணி: சப்பாத்தி, பருப்பு, காய்கறி, பழம்
• இரவு 9.30 மணி: ஒரு குவளை பால்

தொடக்கத்தில் பசி உணர்வை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நீண்ட காலம் அடக்கிவைத்த பசி, வரவேண்டிய நேரத்தில் வராது. வராத நேரத்தில் வந்து நிற்கும். சில வாரங்களுக்குக் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். முதல் நாள் இரவு அதிகமாகச் சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். ஆறு வேளையும் உடனே முடியாவிட்டால், காலை உணவை மட்டும் தொடங்கி ஒரு வாரம் விடாமல் உண்ணுங்கள். பிறகு அடுத்த வேளையைச் சேருங்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு முழுதானியம். கால் பங்கு புரதம். ஆரோக்கியமான உணவுக்கான இந்த அளவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பொதுமக்களுக்கு இது நல்ல வழிகாட்டி. ஆனால் கடும் டயட்டிலிருந்து மீள்பவர்கள் சிலர், காய்கறியால் மட்டும் வயிற்றை நிரப்பிக்கொண்டு சோற்றை ஒதுக்குவதற்கு இதையே காரணமாகக் காட்டுகின்றனர். மீண்டுவரும் காலத்தில் உங்களுக்குச் சோறு, புரதம், எண்ணெய் ஆகியவை கூடுதலாகத் தேவைப்படலாம். சரியான அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘தொடவே கூடாது’ என்று ஒதுக்கிய உணவுகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். அவற்றில் குறைவாக அச்சம் தருவதை முதலில் தேர்ந்தெடுங்கள். தேங்காய்ச் சட்னியாகவோ நாசி லெமாக்காகவோ இருக்கலாம். நம்பிக்கைக்குரிய ஒருவரோடு அமர்ந்து, வழக்கமான உணவு வேளையிலேயே அதைச் சாப்பிடுங்கள். தடை செய்த உணவின் மீதுதான் ஏக்கம் அதிகமாக இருக்கும். பலமுறை சாப்பிட்ட பிறகு அதுவும் மற்ற உணவுகளைப் போல ஆகிவிடும்.

முதல் சில வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியவை

சிறிதளவு சாப்பிட்டாலே வயிறு நிறைந்துபோகலாம், உப்பலாம். மலச்சிக்கலும் ஏற்படலாம். பட்டினியின்போது இரைப்பையின் வேலை மெதுவாகிவிடுவதே காரணம். ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிட இது சீராகும். இதற்காகப் பேதி மாத்திரை எடுக்காதீர்கள்.

உடலில் நீர் சேர்வதால் எடை வேகமாக ஏறுவது போலத் தோன்றலாம். தினமும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். தேவைப்படும்போது மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். கணுக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் உறவினருக்கும்

“நல்லா சதை போட்டிருக்கே” என்பதை அன்பாகத்தான் சொல்கிறோம். “இளைச்சுட்டியே” என்பதும் அக்கறைதான். ஆனால் மீண்டுவரும் பிள்ளைக்கு இரண்டுமே, ‘எல்லாரும் என் உடம்பையே பார்க்கிறார்கள்’ என்றுதான் கேட்கும்.

• உடலைப் பற்றிப் பேசாமல், “இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?” என்று கேளுங்கள்.
• நாளில் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள். தட்டையே உற்றுப் பார்க்க வேண்டாம்.
• உங்கள் சொந்த உடலையும் பிள்ளையின் முன் குறைகூறாதீர்கள்.
• இரவில் சாப்பிட்டதைக் கண்டுபிடித்தால் திட்டாதீர்கள். மறுநாள் காலை உணவைத் தயாராக வையுங்கள்.

விரதமும் நோன்பும்

தைப்பூசம், வெள்ளிக்கிழமை விரதம், ரமலான் நோன்பு ஆகியவை நம் வாழ்வோடு கலந்தவை. ஆயினும் மீண்டுவரும் காலத்தில், உண்ணாமல் இருப்பது பழைய பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். நோயுற்றவர்களுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. பிரார்த்தனை, தொண்டு, தானம் போன்றவற்றால் அந்நாட்களில் பங்குகொள்ளலாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்:

• மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதங்கள் வராமை
• சாப்பிட்டதை வரவழைத்து வாந்தி எடுத்தல், பேதி மாத்திரை அல்லது எடைக் குறைப்பு மாத்திரை பயன்படுத்துதல்
• கட்டுப்பாடின்றி அதிகமாகச் சாப்பிடுவது வாராவாரம் நிகழ்தல்
• உணவையும் எடையையும் பற்றிய எண்ணத்தால் படிப்போ வேலையோ பாதிக்கப்படுதல்

முக்கியக் குறிப்பு: பல நாட்களாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவரோ, எடை மிக வேகமாகக் குறைந்தவரோ வீட்டிலேயே திடீரென நிறையச் சாப்பிடத் தொடங்கக்கூடாது. இரத்தத்திலுள்ள உப்புச் சத்துகளின் அளவு சட்டென மாறி இதயத்தைப் பாதிக்கலாம். அவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, கடும் படபடப்பு இருந்தால் 995ஐ அழையுங்கள்.

பள்ளி மாணவர்கள் பள்ளி ஆலோசகரிடம் பேசலாம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் உண்ணுதல் கோளாறுகளுக்கெனத் தனிச் சிகிச்சைக் குழுக்கள் உள்ளன. மனம்விட்டுப் பேச 1771 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் 1767ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்லுங்கள்: “சின்ன வயசுல ரொம்ப டயட் இருந்தேன். இப்போ ஒழுங்கா சாப்பிட முடியலை.” மற்றதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

மீள்வதற்குச் சில மாதங்கள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இடையில் தடுமாறும் நாட்களும் வரும். அப்படியொரு நாளுக்குப் பிறகு செய்யவேண்டியது ஒன்றுதான்: மறுநாள் காலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.