காற்று வந்த வழி

மும்பை செம்பூர் டீக்கடையில் கட்டிங் சாயை வாங்கிக்கொண்டே தாராவி அண்ணாச்சி கேட்டார்: "மழைக்காலத்துல மழை விட்ட நேரம் டிராம்பே மலை கைக்கெட்டுற மாதிரி தெரியுது. இப்போ ஜனவரியில மலையவே காணோம். மாகுல் ஆலைப் புகை வருசம் பூரா ஒண்ணுதானே?"

"புகை ஒண்ணுதான் அண்ணாச்சி. அது வந்து கலக்கிற காத்துதான் வேற."

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வீசுவது அரபிக்கடலைக் கடந்துவரும் காற்று. அதில் மிதப்பதில் பெரும்பங்கு கடல் உப்பு. உப்பு ஈரத்தைக் குடித்து ஊதும், வெளிச்சத்தைச் சிதறடிக்கும், ஆனால் விழுங்காது. மிச்ச அழுக்கை மழை கழுவிவிடும். குளிர்காலத்தில் காற்று திசைமாறி நிலத்தின் மேலாக வருகிறது. வழியெல்லாம் விறகடுப்பு, டீசல், எரிந்த குப்பை. அந்தக் கரி வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகும்.

ஒரு தம்ளர் தண்ணீரில் பால் விட்டால் வெளுக்கிறது, அது சிதறல். டிக்காஷன் விட்டால் கறுக்கிறது, அது உறிஞ்சல். மும்பையின் ஜனவரி வானம் இரண்டும் கலந்த சாயா.

இந்தச் சிதறலையும் உறிஞ்சலையும் கடலுக்கே போய் அளந்தார்கள். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோயெக்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வை விஞ்ஞானி பால் குருட்சனோடு சேர்ந்து நடத்தியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதன். நம் கரையிலிருந்து போன பழுப்புப் படலம் கடலுக்கு மேல் சுமார் 3 கிலோமீட்டர் உயரம்வரை நின்றது. துகள்கள் தடுத்த வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அவை விழுங்கியிருந்தன. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வடகாற்றும் தென்காற்றும் சந்திக்கும் மேகப் பட்டைதான் வரப்பு. அதைத் தாண்டினால் தெளிந்த காற்று. ஒரே சமுத்திரம், இரண்டு வானம்! இன்றைக்கும் எனக்கு அது வியப்புதான்.

"அப்போ ஒரு வருசம் வண்டியெல்லாம் படிஞ்ச அந்த வெள்ளைப் புழுதி?"

2022 ஜனவரி 23, ஞாயிறு. பாகிஸ்தான் பக்கத்திலிருந்து வந்த புழுதிக் காற்று நிறுத்தியிருந்த வண்டிகளையெல்லாம் வெளுக்கப் பூசிவிட்டுப் போனது. புகைத்துகள் மிகச் சிறியது. நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். புழுதித்துகள் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும். அதனால்தான் அன்று வானம் பால்போல இருந்தது.

காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது. தாராவி கும்பார்வாடாவின் பானைச் சூளைப் புகை எங்கிருந்தோ வந்ததல்ல. அதைச் சுவாசிப்பவர்கள் அண்ணாச்சியின் பக்கத்துத் தெருக்காரர்கள்.

மணி மூன்றைத் தாண்டியது. மேற்கிலிருந்து கடல்காற்று எழுந்தது. அண்ணாச்சி கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மலையின் முகடு மட்டும் மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது.