அடர்ந்த எலும்பெல்லாம் வலுவான எலும்பா?

எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் எண் கூடுதலாக வந்தால் எலும்பு திடமாக இருக்கிறதென்று நிம்மதி அடைகிறோம். அந்த எண் எலும்பில் எவ்வளவு தாது சேர்ந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லாது. இதற்குப் பழைய சாட்சி நம் பக்கத்திலேயே உண்டு. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டக் கிராமங்களில், கிணற்றுநீரில் இருந்த ஃபுளோரைடால் முதுகு விறைத்துப் போனவர்களைப் பற்றி 1937இல் ஷார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதினார்கள். எக்ஸ்ரேயில் அவர்களின் முதுகெலும்பு அளவுக்கு மீறி அடர்ந்து தெரிந்தது. அவர்களால் குனியத்தான் முடியவில்லை. இத்தகைய நோயாளிகள் சிலரிடம் பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாகச் சுரப்பதை 1973இல் தியோதியா என்ற பெயருடைய இரு இந்திய மருத்துவர்கள் காட்டினார்கள்.

இங்கேதான் குழப்பம். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இந்த நான்கு சுரப்பிகளின் வேலை, ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுவது. எடுக்கிற சுரப்பி மிகையானால் எலும்பு இளைக்கத்தானே வேண்டும்? ஃபுளோரைடு எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டிவிடுகிறது. புதிதாகக் கட்டப்படும் எலும்பு கால்சியத்தை இழுத்துக்கொள்ள, ரத்தத்தில் அது இறங்குகிறது, சுரப்பி விழித்துக்கொள்கிறது. ஆக, அடர்த்தி முந்தியது, மிகைச்சுரப்பு அதன் பின்விளைவு. ஆனால் இந்தச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோனுக்கே எலும்பைக் கட்டும் குணமும் உண்டு. தினம் ஒரு ஊசியாகச் சிறிதளவு போட்டால் எலும்பு வளர்கிறது. டெரிபாரடைடு மருந்தின் அடிப்படை அதுதான். ஓயாமல் சுரந்தால் கையெலும்பின் கெட்டியான புறப்பகுதி கரைகிறது, முதுகெலும்பின் பஞ்சுபோன்ற உட்பகுதியோ ஓரளவு தப்பிவிடுகிறது. பாராதைராய்டு நோயில் முன்கையையும் அளக்கச் சொல்வது இதனால்தான்.

அடர்த்தி குறைந்தவர்களுக்கே எலும்பு அதிகம் முறிகிறது, அப்படியானால் கூடுதல் அடர்த்தி நல்லதுதானே என்று கேட்கலாம். எலும்பின் கட்டுமானம் இயல்பாக இருக்கும்வரை அந்தக் கணக்கு சரி, இல்லாவிட்டால் பொய்த்துவிடும். 1990இல் வெளிவந்த மேயோ கிளினிக் ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் சோடியம் ஃபுளோரைடு கொடுத்தார்கள். இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு அதிகரித்தே இருந்தது.

ஃபுளோரைடு தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறை நிலத்துக் கவலை, வெள்ளாற்று வண்டலில் இருக்கும் சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களுக்கு அது எதற்கு என்றும் தோன்றலாம். பாராதைராய்டை முடுக்கிவிடுவது ஃபுளோரைடு மட்டுமல்ல. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும் அதையே செய்யும். அந்த நோயாளிகளின் முதுகெலும்புகளில் மேலும் கீழும் அடர்ந்த பட்டைகள் எக்ஸ்ரேயில் விழுவதுண்டு. ஆகவே காரணமில்லாமல் அடர்த்தி மிக உயர்ந்திருந்தால் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. போர்வெல் தண்ணீர் குடிப்பவரென்றால் அதில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.